விஷ முறிவு ஸீரமும் தேங்காய் எண்ணெயின் அமிலமும்

சென்ற குறுவை அறுவடையின்போது நமது வட்டாரத்துக் கிராமமொன்றில், கதிர்க்கட்டைத் தூக்கக் குனிந்த ஓர் அம்மாளைக் கண்ணாடி விரியன் தீண்டிவிட்டது. உடனிருந்தவர்கள் தாமதமின்றித் தாலூகா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றபடியால், விஷ முறிவு ஸீரம் ஏற்றப்பட்டு ஆறாம் நாள் வீடு திரும்பினார். அடுத்த வாரம் அதே கிராமத்தில் விதை நேர்த்தியைப் பற்றிச் செய்து காட்டப் போயிருந்தேன். வேலை முடிந்ததும், அவ்வூரில் நல்ல நிலபுலன்களுடைய பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தி வைத்து ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, அந்த மருந்து குதிரை இரத்தத்திலிருந்து எடுப்பதாகச் சொல்லுகிறார்களே. குதிரைக்கு என்னென்ன வியாதி இருந்ததோ யார் கண்டது? பாம்பு விஷத்துக்குத் தப்பிக் குதிரை வியாதியில் விழுவதாக ஆகாதா?"

அவர் இதை விளையாட்டாகக் கேட்கவில்லை. தம் பண்ணையில் இப்படி நேர்ந்தால் முதலில் மந்திரிப்பவரிடம் காட்டுவது, அது பலிக்காவிட்டால்தான் ஊசி என்று அவர் தீர்மானித்திருந்தார். கண்ணாடி விரியன் விஷயத்தில் அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் உயிருக்கும் சாவுக்கும் நடுவே நிற்பது. ஆதலால் அங்கே நின்றபடி சொன்ன பதிலைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். விவசாய இலாகாவைச் சேர்ந்தவனுக்கு ஆஸ்பத்திரி மருந்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். பாம்புக்கடி வயலில் நேருவது. அந்த மருந்தைச் சுத்தி செய்யும் சரக்கோ தேங்காயிலும் ஆட்டுப்பாலிலும் இருப்பது. எனவே விஷயம் நமக்கு அவ்வளவு தூரமானதன்று.

பெரியவருடைய சந்தேகம் அறியாமையினால் வந்ததென்று தள்ளிவிடக் கூடாது. ஒரு பிராணியின் இரத்தத்தை மற்றொன்றுக்கு மருந்தாகக் கொடுக்கையில் வியாதியும் சேர்ந்து போனதுண்டு. முதலில் கண்டது குதிரைகளிலேயேதான். தென்னாப்பிரிக்காவில் ஆர்னால்டு தைலர் என்ற பிரபல கால்நடை வைத்தியர், குதிரைகளைப் பீடிக்கும் ஒரு கொள்ளை நோய்க்காக, நோய் கண்டு தேறிய குதிரைகளின் ஸீரத்தை மற்றக் குதிரைகளுக்கு ஏற்றி வந்தார். ஏற்றிய சில வாரங்களுக்கும் மாதங்களுக்கும் பின்னர்ப் பல குதிரைகள் கல்லீரல் கெட்டு மாண்டன. இதை அவர் 1918-ம் வருஷத்தையொட்டி எழுதி வைத்தார். மனிதரிலும் இதுவே நடந்தது. 1942-ல் அமெரிக்கப் படையினருக்குப் போட்ட மஞ்சள் ஜுரத் தடுப்பூசியில், மருந்து கெடாதிருக்க மனித ஸீரம் கலந்திருந்தது. அந்த ஸீரத்தின் வழியே ஏறக்குறைய 50,000 பேருக்குக் காமாலை கண்டது. அயர்லாந்து தேசத்தில் 1977, 1978 வருஷங்களில் பிரசவித்த தாய்மார்களுக்குக் கொடுத்த ஓர் இரத்த மருந்தில் ஹெபடைட்டிஸ் ஸி என்னும் கல்லீரல் வைரஸ் இருந்தது. அச்செய்தி வெளியானது 1994-ல்தான். இவையெல்லாம் நடந்த உண்மைகள். இவற்றிலிருந்து பாடம் கற்ற பிறகு ஏற்பட்ட முறைகளில் ஒன்றைத்தான் சொல்லப் போகிறேன்.

ஸீரம் எவ்வாறு தயாராகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். நமது நாட்டில் நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் ஒரே மருந்தாகச் செய்கிறார்கள். விஷத்தைக் கொடுத்து உதவுவோரில் முக்கியமானவர்கள், மாமல்லபுரம் செல்லும் சாலையில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். அச்சங்கம் 1978-ல் ஏற்பட்டது. விஷத்தை மிக மிகச் சிறிய அளவில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டிக் குதிரைக்கு ஊசி போடுகிறார்கள். சில மாதங்களில் குதிரையின் இரத்தத்தில் விஷத்தைக் கட்டிப்போடும் எதிர்ப்புப் பொருள் நிறைந்துவிடும். பிறகு ஒரு தடவைக்கு ஐந்து ஆறு லிட்டர் அளவில் இரத்தம் இறக்கி, செவ்வணுக்களைப் பிரித்துவிட்டால் வைக்கோல் நிறத்தில் தெளிநீர் நிற்கும். இதைப் பிளாஸ்மா என்பார்கள். நல்ல தயாரிப்புச் சாலைகளில் பிரித்த செவ்வணுக்களைத் திரும்ப அதே குதிரைக்கு ஏற்றிவிடுவதால் குதிரை சோர்வதில்லை.

இந்தத் தெளிநீரில் நமக்கு வேண்டிய எதிர்ப்புப் பொருள் ஒரு பங்குதான். மீதி வேறு புரதங்கள். குதிரைக்கு ஏதேனும் வைரஸ் இருந்தால் அதுவும் இதில்தான் மிதக்கும். நெல்லிலிருந்து பதரையும் கல்லையும் நீக்குவது போல இவற்றை நீக்க வேண்டும். பழைய முறையில் அம்மோனியம் ஸல்பேட்டு உப்பைக் கொட்டி எதிர்ப்புப் பொருளை அடியில் படியச் செய்து, எடுத்து, மறுபடி கரைப்பார்கள். நாம் வயலில் உரமாக இறைக்கும் அதே அம்மோனியம் ஸல்பேட்டுதான், மிகச் சுத்தமான தரத்தில். இம்முறையில் நாளும் அதிகம். படிந்ததை மறுபடி கரைக்கும்போது எதிர்ப்புப் பொருளில் கொஞ்சம் கெட்டும் போகும்.

இதற்கு மாறான முறையில்தான் கேப்ரிலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் வருகிறது. லத்தீன் பாஷையில் வெள்ளாட்டுக்குரிய சொல்லிலிருந்து இதற்குப் பெயர் வந்தது. கிடாவின் மொச்சை நாற்றமும், ஆட்டுப்பால் வெண்ணெய் நாள்பட்டால் எழும் வாடையும் இந்த அமிலத்தையும் இதன் உறவான இரண்டொரு அமிலங்களையும் சேர்ந்தவை. ஆட்டுப்பாலின் கொழுப்பில் இது நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கும், தேங்காய் எண்ணெயில் சுமார் ஏழு எட்டுப் பங்கும் உண்டு. ஆனால் எண்ணெயில் இது தனியாக இல்லை; கிளிஸரினோடு பிணைந்து கிடக்கிறது. சவுக்காரம் காய்ச்சுகையில் காரம் இந்தப் பிணைப்பை அறுத்து அமிலத்தைத் தன்னோடு சேர்த்துக் கொள்ளுகிறது. தொழிற்சாலைகளில் மிகுந்த அழுத்தமுள்ள நீராவியால் பிணைப்பை அறுத்து, பின்னர் வடித்து அமிலங்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். கிடைப்பது நிறமற்ற, எண்ணெய் போன்ற, வாடையுள்ள ஒரு திரவம்.

பிளாஸ்மாவில் இந்த அமிலத்தைச் சேர்த்தால் எதிர்ப்புப் பொருள் கரைந்தபடியே நிற்க, மற்றப் புரதங்கள் திரிந்து படிகின்றன என்பதைப் பிரெஞ்சு ஆராய்ச்சிக்காரர்களான ஸ்டைன்புக், ஓத்ரான் என்ற இருவர் 1969-ல் வெளியிட்டார்கள். இதை விஷ முறிவு மருந்துக்கு எளிய முறையாக்கிக் காட்டியவர்கள் மத்திய அமெரிக்காவிலுள்ள கோஸ்டாரிக்கா என்ற சிறிய தேசத்தின் கிளோடோமிரோ பிக்காடோ ஸ்தாபனத்தார். அவர்கள் 1994-ல் வெளியிட்ட முறை இதுதான்: பிளாஸ்மாவில் நீர் கலப்பதில்லை, அதன் கார அமில நிலையை 5.8 என்ற அளவில் நிறுத்திக்கொண்டு, கலக்கிக்கொண்டே இருக்க, கேப்ரிலிக் அமிலத்தை மெதுவாகச் சேர்த்து நூற்றுக்கு 5 பங்கு வரும்படி செய்ய வேண்டும்; பிறகு ஒரு மணி நேரம் வேகமாகக் கலக்கி வடிகட்ட வேண்டும். பால் திரிவது போல் வேண்டாத புரதங்கள் திரிந்து வடிதட்டில் தங்கிவிடும். வடிந்த தெளிவில் எதிர்ப்புப் பொருள் நிற்கும். வேண்டியதைத் தொடாமல் வேண்டாததை மட்டும் எடுத்தெறிகிறபடியால் மருந்தின் வீரியம் குறைவதில்லை. செல்வமில்லாத தேசங்களும் கையாளக்கூடிய முறை இது. பெரிய யந்திரங்கள் வேண்டியதில்லை.

இதில் வைரஸ் எங்கே சாகிறது என்று கேட்பீர்கள். வைரஸ்களில் இரண்டு ஜாதி. ஒன்று மேலே கொழுப்பால் ஆன மெல்லிய உறை போர்த்தது. தான் வளர்ந்த உயிரணுவின் மேல்தோலையே கிழித்துப் போர்த்திக்கொண்டு வெளியே வருவதனால் அதற்கு அந்த உறை வாய்க்கிறது. இந்த உறையில்தான் அடுத்த உயிரணுவைப் பற்றும் கொக்கிகள் இருக்கின்றன. உறை போனால் வைரஸ் ஒன்றுக்கும் உதவாது. ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் ஸி, எயிட்ஸ் நோயின் எச்.ஐ.வி. ஆகியவை இந்த ஜாதி. குதிரைகளின் மூளைக் காய்ச்சல் வைரஸ்களும், குதிரைகளின் தொற்றுச் சோகை வைரஸும் இதே ஜாதிதான். கொழுப்பில் கொழுப்பு கலக்கும் என்பது அடுப்படியில் எல்லோருக்கும் தெரிந்தது. எட்டுக் கரி அணுக்கள் நீளமுள்ள கேப்ரிலிக் அமிலம் இந்த உறைக்குள் புகுந்து அதைக் குலைத்துவிடுகிறது. எதிர்ப்புப் பொருளுக்கோ அத்தகைய கொழுப்புறை கிடையாது. ஆகையால் அது தப்பி நிற்கிறது. சவுக்காரத்தால் கை கழுவும்போது நடப்பதும் பெரும்பாலும் இந்த வேலையே.

மண் பரிசோதனைச் சீட்டில் கார அமில நிலையைப் பார்த்துப் பழகிய விவசாயிகள் அடுத்த விஷயத்தை எளிதில் பிடித்துக்கொள்வார்கள். மண்ணில் போட்ட மணிச்சத்து, மண்ணின் நிலைக்கேற்பப் பயிருக்குக் கிட்டுவதும் கிட்டாமற் போவதும் உண்டல்லவா? அதுபோல, இந்த அமிலமும் புளிப்பான நிலையில்தான் தன் முழு உருவில் இருந்து கொழுப்புறைக்குள் புகும். நிலை 5.8-ல் நூற்றுக்குப் பத்துப் பதினொரு பங்கு இவ்வாறு முழு உருவில் இருக்கும். 5.1-க்கு இறக்கினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரும். நம் உடம்பின் இரத்தத்தைப் போல 7.4-ல் இருந்தால் ஆயிரத்துக்கு மூன்று பங்கே மிஞ்சும். மற்றதெல்லாம் உப்பாக மாறிச் சும்மா கிடக்கும். வைரஸைக் கொல்லுவது இந்த முழு உருவந்தான் என்று லுண்ட்பிளாடும் அவருடைய சகாவும் 1991-ல் விளக்கினார்கள். அந்த அடிப்படையில் மனித இரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர்ப்புப் பொருள் மருந்துகளுக்கும் இம்முறை வழக்கில் வந்தது. அப்படித் தயாரான ஒன்றுக்கு 2003-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வேலை முடிந்ததும் அமிலம் மருந்தில் தங்குவதில்லை. அது மிகச் சிறிய பொருளாகையால், நுண்ணிய சவ்வின் வழியே கழுவி வெளியேற்றிவிடுகிறார்கள்.

தேங்காய் விவசாயிகளுக்காக ஒரு கணக்கு. ஒரு லிட்டர் பிளாஸ்மாவுக்கு அமிலம் 50 மில்லிலிட்டர், அதாவது சுமார் 45 கிராம் வேண்டும். எண்ணெயில் ஏழு எட்டுப் பங்கு என்றால் அறுநூறு கிராமுக்குச் சற்று மேற்பட்ட எண்ணெய். அதற்கு ஏறக்குறைய ஒரு கிலோ கொப்பரை. ஒரு கிலோ கொப்பரை ஒரு லிட்டர் பிளாஸ்மாவைச் சுத்தி செய்யும் என்பது கேட்க மகிழ்ச்சியே. ஆயினும் இதனால் கொப்பரை விலை ஏறுமென்று யாரும் கணக்குப் போட வேண்டாம். உலகத்துக்கு வேண்டிய விஷ முறிவு மருந்தனைத்துக்கும் சேர்த்தாலும் சந்தையில் அது ஒரு கைப்பிடிதான். பாமாயில் கொட்டை எண்ணெயிலும் இந்த அமிலம் உண்டு.

இனி இம்முறையால் ஆகாததைச் சொல்ல வேண்டும். இரண்டாம் ஜாதி வைரஸுக்குக் கொழுப்புறையே கிடையாது. புளியங்கொட்டை போலக் கடினமான புரத ஓடு மட்டும் உண்டு. அதைக் கேப்ரிலிக் அமிலம் தொடுவதில்லை. இது ஏட்டளவில் சொல்லும் எச்சரிக்கையன்று. தைலர் கண்ட குதிரைக் கல்லீரல் நோய்க்குக் காரணம் நூறு வருஷம் வரை துலங்கவில்லை. 2018-ல் அமெரிக்காவில், குதிரை ஸீரத்திலிருந்து செய்த டெட்டனஸ் மருந்து ஏற்றிய பிறகு இறந்த ஒரு குதிரையில் புதிய பார்வோ வைரஸ் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஏற்றிய மருந்திலும் அதுவே இருந்தது. பார்வோ வைரஸ்கள் உறையில்லாத ஜாதி. ஆகவே ஒரே முறையை நம்பி நிற்பதில்லை என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டியிலும் உள்ள கொள்கை. குதிரைகளைத் தனியே வைத்து நோய் பரிசோதிப்பது முதற்காவல். நம் தேசத்து மருந்தில் எதிர்ப்புப் பொருளைப் பெப்ஸின் என்ற ஜீரணச் சாரத்தால், நல்ல புளிப்பு நிலையில் வெட்டிச் சிறிதாக்குகிறார்கள். அந்தப் புளிப்பும் பல வைரஸ்களைக் கெடுக்கும். மிக நுண்ணிய சல்லடையால் வடிப்பதும், சூடு காட்டுவதும் சில சாலைகளில் உண்டு. மனித இரத்தத்தின் ஆல்புமின் என்னும் புரதத்தை 60 டிகிரியில் 10 மணி நேரம் காய்ச்சுகையில், அது திரிந்துபோகாமல் காப்பதற்கு இதே கேப்ரிலிக் அமிலத்தின் உப்பைத்தான் 1940-களிலிருந்து சேர்த்து வருகிறார்கள் என்பது வேடிக்கை: ஓரிடத்தில் புரதத்தைத் திரிக்கும் சரக்கு மற்றோரிடத்தில் திரியாமல் காக்கிறது.

வேறொரு தப்பெண்ணத்தையும் இங்கேயே களைய விரும்புகிறேன். 2020-ல் கொரோனா பரவியபோது, தேங்காய் எண்ணெய் குடித்தால் வைரஸ் சாகும் என்று நம் பக்கத்தில் பலரும் காலையில் கரண்டி கரண்டியாகக் குடித்தார்கள். கொரோனாவும் உறையுள்ள வைரஸ்தான். ஆகையால் பேச்சு நியாயம் போலவே தோன்றும். ஆனால் எண்ணெயிலிருந்து ஜீரணமாகிப் பிரியும் அமிலம் நேரே கல்லீரலுக்குப் போய் விறகாக எரிந்துவிடுகிறது. தப்பித் தவறி இரத்தத்தில் வந்தாலும் அங்கே நிலை 7.4, போதாததற்கு ஆல்புமின் அதைப் பிடித்துக் கட்டிக்கொள்கிறது. பாத்திரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு அமிலம் ஊற்றிப் புளிப்பு நிலையில் ஒரு மணி நேரம் கலக்குவதை மனித உடம்பில் செய்ய முடியாது. செய்தால் வைரஸுக்கு முன் மனிதன் போய்விடுவான். பாம்பு கடித்த வாயில் எண்ணெய் தடவுவதும் இதைப் போன்றதே. எண்ணெய் சமையலுக்கும் தலைக்கும் போதும்.

பெரியவரிடம் இவ்வளவையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அவர் பயப்பட வேண்டியது எதற்கு என்பதையும் சொன்னேன். ஸீரத்தில் கவனிக்க வேண்டிய அபாயம் ஒட்டுவியாதியன்று, ஒவ்வாமை. குதிரைப் புரதம் சிலர் உடம்புக்கு ஒவ்வாது தடிப்பும், மூச்சுத் திணறலும், இரத்த அழுத்தம் இறங்குதலும் ஏற்றிய சிறிது நேரத்தில் உண்டாகலாம். இதற்கு அட்ரினலின் ஊசி தயாராக வைத்துக்கொண்டுதான் டாக்டர்கள் ஸீரம் ஏற்றுவார்கள். ஆகையால் இது ஆஸ்பத்திரியில் மட்டுமே கொடுக்கத் தக்க மருந்து. வீட்டில் வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று சில மிராசுதார்கள் கேட்பது சரியல்ல. முதலில் சாதாரணமாகப் பத்துக் குப்பி வரை ஏற்றுகிறார்கள். விரியன் கடியில், இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிஷம் அசையாமல் வைத்து உறைகிறதா என்று பார்த்து, உறையாவிட்டால் மருந்து தேவை என்று தீர்மானிப்பார்கள். அந்த 20 நிமிஷத்தைத் தாமதமென்று எண்ணி உறவினர்கள் கூச்சலிடக் கூடாது.

2000 முதல் 2019 வரையிலான இருபது வருஷங்களில் இந்தியாவில் பாம்புக்கடியால் வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர் இறந்திருக்கலாம் என்று 2020-ல் வெளியான ஆராய்ச்சி கணக்கிட்டது. பெரும்பாலானவர்கள் கிராமவாசிகள். குப்பியிலுள்ள மருந்தின் சுத்தியைப் பற்றிய ஐயத்தினால் எத்தனை பேர் தாமதித்தார்கள் என்பதற்குக் கணக்கில்லை. என் சுற்றுப்பயணத்தில் கேட்ட பேச்சை வைத்துச் சொன்னால், அது சிறிய எண்ணிக்கையாய் இராது.

கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்க வைத்து, கடிபட்ட கை காலுக்குத் தப்பை வைத்து அசையாமல் தளரக் கட்டி, மோதிரம், வளையல், மெட்டி இவற்றை வீக்கம் வருமுன் கழற்றிவிட்டு, 108-க்குத் தகவல் சொல்ல வேண்டும். கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும், கத்தியால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் கூடாது. பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. ஒரே மருந்து நான்குக்கும் ஆகும். இரவில் தரையில் படுத்தவருக்கு விடியற்காலையில் காரணமின்றி வயிற்று வலியும் இமை தொங்குதலும் கண்டால், கடிவாய் தெரியாவிட்டாலும் கட்டு விரியன் என்று ஐயுற வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு வார்த்தை. 2024-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் தமிழ்நாட்டு அரசாங்கம் பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. எந்தெந்த ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு ஸீரம் அனுப்புவது என்று தீர்மானிக்க இந்தக் கணக்கு உதவும். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள்தான் அதில் ஏறுவார்கள். மந்திரிப்பவர் வீட்டு வாசலில் இறந்தவர் ஏறமாட்டார். தங்கள் கிராமத்துக்கு அருகில் ஸீரம் இருப்பில் உள்ள ஆஸ்பத்திரி எது, இரவில் அங்கே டாக்டர் இருப்பாரா என்பதை அறுவடைக்கு முன்பே விசாரித்து, அதன் டெலிபோன் எண்ணைச் சாவடியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் நெல் கொள்முதல் நிலையத்திலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவைக்கலாம். மேற்படி பெரியவர் தம் களத்து மேட்டுக் கொட்டகையின் கதவிலேயே சுண்ணாம்பால் எழுதி வைத்துவிட்டார். தாளடி நடவுக்கு நான் மறுபடி போனபோது அதைக் காட்டி, எண் சரிதானா என்று ஒரு முறை கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். கூப்பிட்டேன், எடுத்தார்கள்.